லொக்காவின் நெற்றியில் சந்தனம்

மாதிரிக் களஞ்சியத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் பிரிவின் இப்போதைய தலைவி கேட்டார். இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று நான் எழுதப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒரு மாலையில் அந்த இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்தேன். அதே மாலையில் வாசிக்காமல் ஒரு பொத்தானை அழுத்தினேன். பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டும் தவறுகள். மூன்றாவதற்கு வேறு பெயர் உண்டு. அதை எழுதத்தான் இவ்வளவு காலம் எடுத்தது.

நாம் வைத்திருப்பது என்ன என்பதை நீங்கள் முதல் நாளே கேட்டிருப்பீர்கள். இரத்தம், எலும்பு மச்சை, அறுத்தெடுத்த தசைத் துணுக்கு. ஒரு மனிதருடைய ஒரு நாளின் நிலை. நோய் வந்த அன்று எடுத்தது நோய் தணிந்த பிறகு கிடைக்காது. இழந்தால் அந்த ஆளிடமே போய்க் கேட்டாலும் வராது, ஏனென்றால் அந்த ஆள் இப்போது வேறு ஆள். இதை நான் பலருக்குப் படிப்பித்திருக்கிறேன். படிப்பித்த நானேதான் அதை இழக்கவும் செய்தேன்.

சமாதானப் பேச்சுவார்த்தை முறிந்து, கொழும்பின் சந்திகளில் மணல் மூட்டைகள் திரும்பவும் ஏறிய ஆண்டுகள் அவை. அந்த நேரத்தில்தான் எங்கள் ஆய்வுகூடத்துக்கு இயந்திரக் களஞ்சியம் வந்தது. சின்ன அறை அளவுக்குப் பெரிய குளிர்ப்பெட்டி. உள்ளே ஒரு இரும்புக் கை. குழாய்களைத் தட்டில் அடுக்கி அதன் வாயில் வைத்தால் போதும். குழாயின் அடியில் அச்சிட்ட குறியைக் கண்ணாடிக் கண் ஒன்றால் வாசித்து, தான் தெரிந்தெடுத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கும். எந்த இடம் என்று எங்களுக்குத் தெரியாது. அதற்குத்தான் தெரியும்.

அதற்கு லொக்கா என்று பெயர் வைத்தது திரேசா. சிங்களத்தில் பெரியவர், மேலதிகாரி என்று அர்த்தம். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் பிரிவில் எனக்கு அடுத்த மூத்தவள், வாய் நீளம்.

"கேக்கிற விதமா கேட்டாத்தான் தருவார். எங்க என்ன வச்சிருக்கார் எண்டு சொல்ல மாட்டார். சும்மா சும்மா கத்துவார். லொக்கா இல்லாம வேற என்ன சார்?"

லொக்கா வந்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். பௌத்த பிக்குமார் வந்து பிரித் என்ற காப்பு மந்திரம் ஓதினார்கள். எங்கள் பணிப்பாளர், சிங்கள மருத்துவர், யாரையும் அதட்டாமலே வேலை வாங்கும் பெண்மணி, பிரித் நூலைத் தன் கையாலேயே கதவின் கைப்பிடியில் கட்டினார். கணக்குப் பிரிவிலிருந்த முஸ்லிம் நண்பர் பிஸ்மில்லா சொல்லி முதல் பொத்தானை அழுத்தினார். எல்லாரும் போன பிறகு திரேசா கொச்சிக்கடை அந்தோனியாரின் சிறு பதக்கம் ஒன்றை இயந்திரத்தின் முதுகில் ஒட்டினாள். "சார், நீங்க ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்டாள். "வாணி விழா வரட்டும்" என்றேன்.

இனி எங்கள் ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. லொக்காவின் பக்கத்தில் ஒரேயொரு கணினி. அதில் பெயரும் இரகசியச் சொல்லும் கொடுத்து உள்ளே போவதற்குள் தேநீர் ஆறிவிடும். ஆகவே காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் தன் பெயரைத் திறந்து வைப்பார். மாலைவரை எல்லாரும் அந்தப் பெயரிலேயே வேலை செய்வோம். "இண்டைக்கு யாற்ற பேர் திறந்திருக்கு?" என்று கேட்டபடிதான் அந்த அறைக்குள் நுழைவோம். ஒருநாள் முழுக்க என் பெயரில் வேலை செய்துவிட்டுத் திரேசா சொன்னாள்: "இண்டைக்கு நான் சைவம் சார். மத்தியானம் மீனைக் கூடத் தொடேல்ல." நானும் சிரித்தேன். தலைவன் நான்தான். நிறுத்தியிருக்க வேண்டியவனும் நான்தான்.

லொக்கா எதற்கும் கத்துவார். கதவு கொஞ்சம் கூட நேரம் திறந்திருந்தால் கத்துவார், கடதாசி தீர்ந்தால் கத்துவார். திரையில் ஒரு பெட்டி வரும். 'ஏற்றுக்கொண்டேன்' என்பதை அழுத்தினால் அடங்கிவிடுவார். குழந்தையின் தொட்டிலை ஆட்டுவதுபோல எங்கள் விரல்களுக்கு அது பழகிப் போயிருந்தது.

அந்த ஆண்டு சரஸ்வதி பூசையான வாணி விழாவுக்கு நுணுக்குக்காட்டிகள், சுழற்றி, தராசு எல்லாவற்றையும் துடைத்து வைத்தோம். வேலை முடிகிற நேரம் பூசை. அவல், கடலை, சர்க்கரைப் பொங்கல். ஒவ்வொரு கருவிக்கும் நானே சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தேன். குங்குமத் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் வந்தது, கத்தோலிக்க வேதக்காரியான திரேசா.

லொக்காவின் வாய்க்கு மேலே ஒரு உருக்குப் பட்டை இருந்தது. பார்த்தால் நெற்றிபோலத்தான் இருக்கும். அதற்குக் கீழே கண்ணாடிக் கண்.

"பெரிசா வையுங்க சார். சின்னதா வச்சா கோவிப்பார்."

பெரிதாகவே வைத்தேன். சந்தனத்தில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

பூசைக்குப் பிறகு கருவிகளைத் தொடுவதில்லை. அவற்றுக்கு அன்று ஓய்வு. லொக்காவுக்கு ஓய்வு கொடுக்க முடியாது என்பதை நான் யோசிக்கவில்லை. எல்லாரும் புறப்பட ஆயத்தமாகும்போது சிவகாமி வந்து சேர்ந்தாள்.

சிவகாமி பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து படித்து வந்தவள். எங்களிடம் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை, வேலை இன்னும் நிரந்தரமாக்கப்படவில்லை. கொட்டாஞ்சேனையில், திரேசாவின் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஒரு அறையில் தங்கியிருந்தாள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போய் மாதிரிகள் எடுத்து வரும் முறை அவளுடையது. யாரோ பெரியவருடைய வாகனம் போவதற்காக வீதியை மூடிவிட்டார்களாம். பனிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே இருந்திருக்கிறாள். பெட்டியில் இருந்தது, இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கவிருந்த பிள்ளைகளின் எலும்பு மச்சை. காலையில் எடுத்தது. சிகிச்சை மத்தியானமே தொடங்கியாயிற்று.

பூசைக்காகக் கணினியை மூடியிருந்ததால் அவள் தன் பெயரைத் திறந்தாள். குழாய்களை அடுக்கி லொக்காவின் வாயில் வைத்தாள். உள்ளே கை அசையும் சத்தம் கேட்டது. திரேசா வாசலில் நின்று கூப்பிட்டாள். அந்த நாட்களில் இருட்டத் தொடங்கினால், தோட்டத்து முகவரி உள்ள அடையாள அட்டையோடு ஒரு பெண் தனியாகச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போவது லேசல்ல. இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுவார்கள்.

"முடியற வரைக்கும் நிக்கிறேங்க சார். பிள்ளைங்களோடது" என்றாள் சிவகாமி.

"நீ போ பிள்ளை. திரேசாவோட போ. நான் பாக்கிறன்."

"இல்லீங்க சார்..."

"எனக்குத் தெரியாததே? ஓடு. அவலை எடுத்துக்கொண்டு போ."

போனாள். நான் நல்ல மனத்தோடுதான் சொன்னேன். இதை நீங்கள் நம்ப வேண்டும், ஏனென்றால் இனிச் சொல்வதில் நல்ல மனம் அதிகம் இல்லை.

வெள்ளவத்தை வரை என்னைக் காரில் ஏற்றிப்போகும் நண்பர் ஒருவர் இருந்தார். வாசலில் வாகனம் நிறுத்தக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அவர் ஹோர்ன் அடித்தார். காவலாளி அவரைத் துரத்தினான். திரும்பவும் ஹோர்ன். என் ஒரு கையில் பொங்கல் சட்டி. லொக்கா கத்தினார். திரையில் பெட்டி வந்தது. நான் வாசிக்கவில்லை. 'ஏற்றுக்கொண்டேன்' என்பதை அழுத்தினேன். திரும்பவும் கத்தினார். திரும்பவும் அழுத்தினேன். அடங்கினார். விளக்கை அணைத்துவிட்டு ஓடினேன்.

அந்தப் பெட்டியில் இருந்த வாசகம் எனக்கு இன்றும் மனப்பாடம்: குறியை வாசிக்க முடியவில்லை, குழாய்கள் ஒதுக்குத் தட்டில் வைக்கப்பட்டுள்ளன, உடனே கவனிக்கவும்.

அடுத்து வந்தது சனியும் ஞாயிறும். திங்கட்கிழமை நான்தான் முதல் ஆளாக வந்தேன். லொக்காவின் கதவு திறந்து மூடியதில், கொழும்பின் ஈரக்காற்று குளிர்ந்த உருக்கில் பட்டு நீராகியிருக்கிறது. நெற்றிச் சந்தனம் கரைந்து, குங்குமத்தையும் கூட்டிக்கொண்டு வழிந்து, கண்ணின்மேல் கோடாகக் காய்ந்திருந்தது. என்ன அசிங்கம் என்று நினைத்து கைக்குட்டையாக வைத்திருந்த லேஞ்சியை எடுத்துத் துடைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. துடைத்தது வெறும் சுத்தம்தான்.

அதற்குப் பிறகுதான் திரையைப் பார்த்தேன். ஒதுக்குத் தட்டு சில மணி நேரம்தான் குளிராக இருக்கும். யாராவது உடனே வந்து பார்ப்பார்கள் என்று நம்பிச் செய்யப்பட்ட தட்டு அது. திறந்தேன். குழாய்கள் அறையின் சூட்டில் இருந்தன. கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பிள்ளையின் கைபோல வெதுவெதுப்பாக இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். திரேசா. லேஞ்சியைக் கைகழுவும் தொட்டியின் கீழிருந்த குப்பைக் கூடைக்குள் போட்டேன். ஏன் போட்டேன்? மஞ்சளும் சிவப்புமாக ஒரு துணி, அவ்வளவுதான். ஆனால் என் கை என் மூளைக்கு முன்னே முடிவெடுத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் அந்தக் கைக்குப் பின்னால் போனதுதான்.

அன்றே விசாரணை தொடங்கியது. இயந்திரம் விற்ற கம்பனியின் பொறியியலாளர் வந்து கண்ணைச் சோதித்தார். கண் சுத்தமாக இருந்தது. நான்தான் துடைத்திருந்தேனே. பழுது எதுவும் இல்லை என்றார். பிறகு கணினியில் பார்த்தார்கள். எச்சரிக்கை இரண்டு தடவை வந்திருக்கிறது, இரண்டு தடவையும் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஏற்றுக்கொண்டவர் பெயர்: சிவகாமி.

எங்கள் பாதுகாப்புப் பொறுப்பாளர் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். கப்டன் என்றே அழைப்போம். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அதற்கு முந்திய வாரம்தான் நகரில் ஒரு குண்டு வெடித்திருந்தது. அந்த வாரங்களில் கெட்ட மனிதராக இல்லாதிருப்பது எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளின் மாதிரி, எச்சரிக்கை இரண்டு தரம், இரண்டையும் ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போன ஒரு தமிழ்ப் பெண். அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பிள்ளையை யார் சிபாரிசு செய்தது?" இரண்டாவது தடவை வாயைத் திறந்தபோது நாசவேலை என்ற சொல் வந்தது.

பணிப்பாளரின் அறையில் சிவகாமி நின்றாள். நான் உட்கார்ந்திருந்தேன்.

"நான் அழுத்தல மேடம்" என்றாள். அவளுடைய சிங்களம் தோட்டப் பாடசாலைச் சிங்களம். பயத்தில் அதுவும் உடைந்து வந்தது. "நான் போகும்போது வேல நடந்துகிட்டு இருந்துச்சு."

"அப்படியானால் யார் இருந்தார்கள்?"

அவள் என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. வகுப்பில் தனக்குப் பதில் தெரிந்தும் மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருக்கும் பிள்ளையின் பார்வை.

பணிப்பாளரும் என்னைப் பார்த்தார்.

"நானும் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம்" என்றேன். அது பொய் இல்லை. நான் சொன்ன பொய்களிலேயே மிகப் பெரியது அதுதான்.

"இயந்திரத்தின் பிழையாக இருக்க முடியாதா?" பணிப்பாளர் ஒரு வழி திறந்துவிட்டார். அந்த நேரம் எனக்கு அது விளங்கவில்லை.

"பதிவு என்ன சொல்கிறதோ அதுதான், மேடம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், மன்னிப்புக்காக அல்ல. அதற்குச் சில மாதங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு சுற்றிவளைப்பில் என் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பணிப்பாளர்தான் தொலைபேசியில் பேசி, தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து அவனை வெளியே எடுத்தார். அவன் வெளிநாடு போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். பிரிவுத் தலைவனான ஒரு தமிழன் சாமிச் சந்தனம் பூசிப் பிள்ளைகளின் மாதிரியைக் கெடுத்தான் என்று வந்தால் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது, மகனின் காரியம் என்ன ஆகும், அடுத்த ஆண்டு வாணி விழாதான் நடக்குமா என்றெல்லாம் கணக்குப் போட்டேன். பொலிஸ் நிலையத்தில் ஒரு நாள் என்றால் என்ன என்று என் மகன் வீட்டுக்கு வந்த விதத்தில் நான் பார்த்திருந்தேன். பார்த்திருந்தும் போட்ட கணக்கு அது.

சிவகாமியை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஐப்பசி மழை முழுதும் நான் மௌனமாக இருந்தேன். ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லலாம் என்று பஸ் ஏறுவேன். ஒவ்வொரு நாளும் சொல்வது முந்திய நாளைவிடக் கடினமாக இருந்தது, ஏனென்றால் இப்போது சந்தனத்தோடு மௌனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது மட்டும் நினைவில் வையுங்கள். பிழையைச் சொல்லத் தக்க நேரம் ஒன்று உண்டு. அது முதல் மணித்தியாலம். அதற்குப் பிறகு பிழை வளராது, நாம் சுருங்குவோம்.

திரேசா என்னோடு சிரித்துப் பகிடி விடுவதை நிறுத்திவிட்டாள். வேலை பற்றி மட்டும் கதைப்பாள்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்திய ஒரு காலையில் கப்டன் ஒரு கடதாசியோடு வந்தார். சிவகாமியின் விபரங்களைப் பொலிசுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எச்சரிக்கையை அறிந்தே ஏற்றுக்கொண்டவர் அவர்தான் என்று பிரிவுத் தலைவன் உறுதிப்படுத்த வேண்டும். "உங்கள் கையெழுத்து மட்டும்தான் மஹத்தயா" என்றார். பேனாவை எடுத்தேன். அப்போது திரேசா உள்ளே வந்து, மடித்து ஸ்திரி போட்ட ஒரு லேஞ்சியை என் மேசையில் வைத்தாள். என்னுடையது, அன்று குப்பைக் கூடைக்குள் போட்டது.

"மூண்டு தரம் கழுவினன் சார்" என்றாள் தமிழில். "சந்தனம் போயிட்டுது. குங்குமம்தான் போகுதில்ல."

கப்டனுக்குத் தமிழ் தெரியாது. சலவை பற்றிய கதை என்று நினைத்துச் சிரித்தார்.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் கையெழுத்துப் போட்டேன். மேசையின் லாச்சியை இழுத்து லேஞ்சியை அதற்குள் வைத்தேன். திரேசா திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் சிவகாமியைப் பொலிஸ் நிலையத்துக்கு வரச்சொன்னார்கள். திரேசா லீவு போட்டுவிட்டு அவளோடு போனாள். களஞ்சிய அறையில் நான் மட்டும். அந்தக் காலங்களில் ஒரு கையெழுத்துக்காக உள்ளே போனவர்கள் மாதக்கணக்கில் வெளியே வராமல் இருந்ததுண்டு. பத்து மணி இருக்கும், லொக்கா கத்தினார். பெட்டி வந்தது. ஏதோ அற்ப விஷயம்தான், கடதாசி தீர்ந்திருந்தது. என் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அழுத்த முடியவில்லை. அவர் கத்திக்கொண்டே இருந்தார். லேஞ்சியை எடுத்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், 'நான் பாக்கிறன்' என்றது, ஹோர்ன், பொத்தான், துடைத்தது, கையெழுத்து. அவர் லேஞ்சியை விரித்துப் பார்த்தார்.

"அந்தக் கைப்பிடியில் இருக்கும் பிரித் நூல் எங்கிருந்து வந்தது, தெரியுமா?" என்று கேட்டார். "களனி விகாரையிலிருந்து என் அம்மா கொண்டுவந்தது. அது அவிழ்ந்து கதவில் மாட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? சந்தனத்தைச் சொல்ல என்னிடம் பயப்பட்டீர்களா?"

"ஓம், மேடம்."

"நான் உங்கள் மகனுக்காக எழுதிக் கொடுத்தபோது, அவன் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியும் என்றுதான் எழுதினேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. லேஞ்சியை மடித்து என்னிடம் தந்தார்.

"இதை இங்கே சொல்லிப் பயனில்லை. அங்கே போய்ச் சொல்லுங்கள். நான் இப்போதே போன் பண்ணுகிறேன். ஆனால் போக வேண்டியது நீங்கள்."

கப்டன் என்னைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த ஆண்டுகளில் ஒரு தமிழன் தன் காலால் பொலிஸ் நிலையத்துக்குள் நடந்துபோய், நேற்று நான் போட்ட கையெழுத்துப் பொய் என்று சொல்வது என்னவென்று அவருக்கும் தெரியும். நிலையத்தின் வாசலில் நிறுத்திவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "மருந்து ஏதும் எடுக்கிறீர்களா? பிரஷர்?" இல்லை என்றேன். "அப்போ வாங்க."

உள்ளே சுவரோரம் உட்கார ஒரு நீள வாங்கு. சிவகாமியும் திரேசாவும் அருகருகே இருந்தார்கள். திரேசாவின் கையில் செபமாலை, மடியில் சோற்றுப் பார்சல்கள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியம் தெரியவில்லை.

"வந்திட்டீங்களா சார்? ரெண்டு பார்சல்தான் கட்டினன்."

சிவகாமி எழுந்து நின்றாள். பழக்கத்தில், நான் அறைக்குள் வந்தால் எழுவதுபோல. அது எனக்குத் தாங்கவில்லை.

பொறுப்பதிகாரி நான் சொன்னதை நம்பவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றப் புதுக்கதை கொண்டுவருகிறான் என்று நினைத்தார். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அவருக்குத் தெரியாது. இயந்திரத்தில் அவள் பெயர்தானே இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இயந்திரத்துக்குத் தெரிந்தது திறந்திருந்த பெயர்தான், அழுத்திய விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் கப்டன்தான் முன்னே வந்தார்.

"சேர், இந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார். "ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்ல மழைக்காலம் முழுக்க முயற்சி செய்திருக்கிறார். அதுவும் சரிவரவில்லை."

எழுதி முடித்து, நான் கையெழுத்துப் போட்டபோது பின்னேரம் ஆகிவிட்டது. சிவகாமியைப் போகச் சொன்னார்கள். என்னையும், இன்னும் சில நாட்கள் வந்துபோக வேண்டும் என்று சொல்லி, போகவிட்டார்கள். வாசலில் திரேசா தன் பார்சலை எனக்கு நீட்டினாள். அவள் அதைத் தொடவே இல்லை. "சாப்பிடுங்க. இண்டைக்கு மீன்தான்" என்றாள்.

தலைமைப் பதவியை எடுத்துவிட்டார்கள். லொக்காவுக்கு முன்னால் உட்கார்ந்து குழாய் அடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். இரவல் பெயரில் வேலை செய்யும் வழக்கம் அன்றோடு நின்றது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு நடந்ததைச் சொல்லும்போது பணிப்பாளர் என்னையும் பக்கத்தில் இருத்தினார். அந்த மாதிரி இல்லாததால் ஒரு உயிர் போனது என்று இல்லை. ஆனால் சிகிச்சை பலனளிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடத்தில் மருத்துவர்கள் ஊகித்துப் போக வேண்டியிருந்தது. ஒரு தாய் என்னிடம், "அப்ப, இனி எப்பிடித் தெரியும் ஐயா?" என்று கேட்டாள்.

இப்போது உங்களுக்கு விரல் ரேகை வைத்துத் திறக்கும் முறை வந்துவிட்டதாகக் கேள்வி. நல்லது. ஆனால் ஒருவரை 'நீ போ, நான் பார்க்கிறேன்' என்று அனுப்பினால், அந்த நிமிடத்திலிருந்து அது உங்கள் வேலை. எந்த இயந்திரமும் அதைப் பதிந்து வைக்காது. நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

பணிப்பாளர் சிவகாமிக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியனுப்பினார். தைப்பொங்கல் கழிந்து அவள் வந்தாள். நான் லொக்காவின் முன்னால் இருந்தேன். அவளைக் கண்டதும் எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

வேலைக்கு வரவில்லை, தன் சான்றிதழ்களை வாங்கிப் போக வந்ததாகச் சொன்னாள். பதுளை ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்திருந்தது.

"இங்க வாவன் பிள்ளை. இனி அப்பிடியெல்லாம் நடக்காது."

"அங்க இந்த மாதிரி லொக்கா இல்லீங்க. எல்லாம் கையால எழுதணுமாம்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அண்டைக்கு மேடத்திட்ட ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டேன். இவ்வளவு நாளும் கேட்க வேண்டியிருந்த கேள்வி. "நான்தான் இருந்தனான் எண்டு உனக்குத் தெரியுந்தானே."

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேங்க சார்." கையிலிருந்த சான்றிதழ் உறையைச் சரிசெய்தபடி, "ஒவ்வொரு நாளும் நெனச்சேங்க" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள். சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா, எனக்குத் தெரியாது. சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். இரண்டடி போய் நின்றாள். என் தோளுக்கு மேலாக அறைக்குள் பார்த்தாள்.

"சார், உங்க பேரு தெறந்து கெடக்குங்க."

திரும்பிப் பார்த்தேன். ஓடி வந்த அவசரத்தில் அப்படியே விட்டிருந்தேன். திரையில் என் பெயர்.

போய் மூடினேன். நான் மூடும்வரை அவள் வாசலில் நின்றாள்.